பழைய காரைச் சரிசெய்வதா, புதிதாக வாங்குவதா?



சங்கக் கூட்டம் முடிந்து கலையும் நேரத்தில் நம்மிடையே அடிக்கடி எழும் கேள்வி ஒன்று உண்டு. "வண்டிக்குப் பதினாலு வருஷம் ஆகிவிட்டது. பட்டறையில் ஒரு லட்சம் எஸ்டிமேட் போடுகிறார்கள். செலவு செய்யலாமா, தள்ளிவிட்டுப் புதிது எடுத்துவிடலாமா?" கேட்கிறவர் பெரும்பாலும் மனதுக்குள் முடிவு செய்துகொண்டுதான் கேட்கிறார். புது வண்டி மேல் ஆசை வந்தவர் பழைய வண்டியின் குறைகளை வரிசையாக அடுக்குவார். விட மனமில்லாதவர் "இன்ஜின் கல் மாதிரி இருக்கிறது" என்பார். மூட்டையைக் குத்திச் சாம்பிள் பார்க்காமல் ஒரு சிப்பம் பருப்பு வாங்காத நாம், பல லட்ச ரூபாய் வண்டி விஷயத்தில் மட்டும் கணக்குப் பேரேட்டை மூடி வைத்துவிட்டுப் பேசுகிறோம். வண்டியும் நம் முதலில் ஒரு பகுதிதான். சரக்கைப் பார்க்கும் அதே கண்ணால் அதையும் பார்க்க முடியும்.

போட்ட பணம் போனதுதான்

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவு செய்துகொள்ள வேண்டும். "போன வருஷம்தான் கிளட்ச் பிளேட் மாற்றினேன், நாலு டயர் போட்டேன், இப்போது எப்படி விற்பது?" என்று கேட்பவர்கள் அதிகம். மல்லியை நாம் எந்த விலைக்கு வாங்கி இருப்பு வைத்தோம் என்பது இன்றைய சந்தைக்குத் தெரியாது. இன்றைக்கு என்ன விலை, நாளைக்கு என்ன ஆகும் என்பதை வைத்துத்தான் விற்கவோ வைத்திருக்கவோ செய்கிறோம். கிளட்சுக்குப் போட்ட பணமும் அப்படித்தான். அது போய்விட்டது. இனிமேல் வரப்போகும் செலவு மட்டுமே கணக்கில் வர வேண்டும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. இன்றைக்கு விற்றால் 90,000 ரூபாய் வரும் என்ற காரை விற்காமல் வைத்திருந்தால், அந்த 90,000-ஐ இன்று அதில் முதலீடு செய்கிறோம் என்றுதான் பொருள். "பழைய வண்டிக்கு ரிப்பேர் செலவு மட்டும்தானே" என்பது பாதிக் கணக்கு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தொகைகள் எல்லாம் விளக்கத்திற்காக வைத்தவை. உங்கள் ஊர், உங்கள் வண்டிக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

14 வருஷமான சிறிய பெட்ரோல் கார். இன்று விற்றால் 90,000. இன்ஜின் வேலை, ஷாக் அப்சார்பர், டயர், ஏ.சி. எல்லாம் சேர்த்து எஸ்டிமேட் 96,000. இன்னும் 4 வருஷம் ஓட்டுவதாக வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு 25,000 ரிப்பேர் என்றால் ஒரு லட்சம். பதிவைப் புதுப்பிக்கும் வகையில் 10,000. நாலு வருஷம் கழித்து 30,000-க்குப் போகும். ஆக 90,000, 96,000, 1,00,000, 10,000 கூட்டி அதில் 30,000 கழித்தால் 2,66,000. வருஷத்துக்கு 66,500. முடங்கிய முதலுக்கு 10 சதவீதம் வட்டி சுமார் 10,800. மொத்தம் வருஷத்துக்கு 77,000 சொச்சம்.

புதுக் கார் சாலைக்கு வரும்போது 8 லட்சம். நாலு வருஷத்தில் பாதி விலைக்கு இறங்கினால் தேய்மானம் வருஷம் ஒரு லட்சம். வட்டி சராசரியாக 60,000. சர்வீஸ் 12,000. பழைய வண்டியைவிடக் கூடுதல் இன்சூரன்ஸ் 18,000. ஆக 1,90,000. புது வண்டி மைலேஜ் அதிகம் தருமே என்பார்கள். தரட்டும். பழையது லிட்டருக்கு 13 கி.மீ., புதியது 18 கி.மீ. என்று வைத்து, வருஷம் 12,000 கி.மீ. ஓட்டினால் மிச்சமாவது சுமார் 256 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்றால் 25,600. அதைக் கழித்தாலும் புது வண்டிக்கு வருஷம் 1,64,000 ரூபாய்க்கு மேல் ஆகிறது.

வித்தியாசம் ஏறக்குறைய 87,000. "பெட்ரோல் மிச்சத்திலேயே தவணை கட்டிவிடலாம்" என்று ஷோரூமில் சொல்வதை நம்புமுன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

ஆனால் இதே கணக்கில் ஓட்டத்தை மாற்றிப் பாருங்கள். வாரத்தில் ஐந்து நாள் வசூல் லைனுக்கும் கொள்முதலுக்கும் ஓடி, வருஷம் 40,000 கி.மீ. தாண்டுகிற வண்டி என்றால் பெட்ரோல் மிச்சம் 85,000-ஐத் தொடுகிறது. இடைவெளி 27,000 அளவுக்குச் சுருங்கிவிடும். அந்த ஓட்டத்திற்குப் பழைய வண்டியின் ரிப்பேர் 25,000-ல் நிற்காது. வழியில் நின்று போகிற நாட்களையும் சேர்த்தால் இடைவெளி மறைந்தே போகும். ஆகவே வண்டியின் வயதைவிட வருஷத்துக்கு எத்தனை கி.மீ. ஓடுகிறது என்பதுதான் முதல் கேள்வி. வீட்டுக்கும் கடைக்கும் கோயிலுக்கும் மட்டும் போகிற காரைப் பெரும்பாலும் சரிசெய்து ஓட்டுவதே லாபம். தினம் நூறு கி.மீ. போகிற வண்டிக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

முன்பணம் எங்கிருந்து வருகிறது?

மேலே 10 சதவீதம் வட்டி வைத்தோம். அது பாங்குக் கணக்கு. மொத்த வியாபாரிக்குப் பணத்தின் விலை வேறு. மாசி, பங்குனியில் புது மிளகாயும் மல்லியும் வரத்தாகும் நேரத்தில் கையில் ரொக்கம் இருப்பவருக்குத்தான் நல்ல சரக்கு. ஒரு மாதத் தவணைக்குப் பதில் உடனே பணம் கொடுத்தால் 2 சதவீதம் கழிவு என்று வைத்துக்கொள்வோம். 2 லட்ச ரூபாய் மாதாமாதம் சுற்றினால் மாதம் 4,000, வருஷம் 48,000. அந்த 2 லட்சத்தை எடுத்துக் காருக்கு முன்பணம் கட்டினால் அதன் வட்டி 10 சதவீதம் அல்ல, 24 சதவீதம். இது எந்த ஷோரூம் காகிதத்திலும் அச்சாகி வராது.

இதனால் மொத்தப் பணமும் கட்டி வாங்குவதைவிடக் கடனில் வாங்குவது சிலருக்கு மேல். ஆனால் மாதத் தவணை ஆடி மாதத்திலும் வரும், மழைக்காலத்திலும் வரும். வியாபாரம் மந்தமான மாதத்தின் நிகர வரவில் தவணை கட்டிய பிறகும் மில்லுக்கும் மண்டிக்கும் சொன்ன தேதியில் பணம் போகுமா என்று பார்க்க வேண்டும். தீபாவளி மாதத்து வரவை வைத்துத் தவணையை நிர்ணயிப்பவர் ஒரு சரக்குக்குப் பணம் தாமதித்துவிட்டால், அந்தப் பேச்சு சந்தை முழுக்கப் போய்விடும். புதுக் கார் வாசலில் நின்றாலும் அதை ஈடுகட்டாது. வெளியே தெரிய வேண்டுமென்றே கார் வாங்குகிறவர்களைப் பற்றி இங்கே எழுதுவதற்கில்லை. அவர்கள் கணக்கு வேறு.

எதைச் சரிசெய்யலாம், எதை முடியாது

இனி வண்டியின் நிலை. இதில் ஒரு எச்சரிக்கை. வேலை செய்து பணம் வாங்கப் போகிற பட்டறையிலேயே "செய்யலாமா, வேண்டாமா" என்று கேட்பது, விற்கிற தரகரிடமே விலை ஏறுமா இறங்குமா என்று கேட்பது போல. நல்ல மனிதராகவே இருக்கட்டும். ஆனாலும் வேறொரு பட்டறையில் ஐந்நூறோ ஆயிரமோ கூலி கொடுத்து, "இங்கே வேலை தரப்போவதில்லை, பார்த்துச் சொன்னால் போதும்" என்று காட்டிவிடுவது நல்லது.

இன்ஜினைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. புகையே பாதி சொல்லிவிடும். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது, பிஸ்டன் ரிங் அல்லது வால்வ் சீல் தேய்ந்திருக்கும். சூடேறிய பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல், ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்துகொண்டே வந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்கலாம். கறுப்புப் புகை என்றால் எரிபொருள் அதிகமாகப் போகிறது. கம்ப்ரஷன் பார்த்துவிட்டால் சிலிண்டரின் நிலை எண்ணாகவே தெரிந்துவிடும். இவை எல்லாம் பணம் கொடுத்தால் தீரும் வேலைகள். தீர்ந்தால் நாலைந்து வருஷம் பேச்சிருக்காது.

துரு அப்படியல்ல. கதவிலும் மட்கார்டிலும் வந்த துருவை டிங்கரிங் செய்து பெயின்ட் அடித்துவிடலாம். தரைத் தகடு, சேஸிஸ், ஷாக் அப்சார்பர் ஏறும் இடம் ஆகியவற்றில் வந்துவிட்டால் அந்த வண்டிக்கு மேற்கொண்டு பணம் போடுவது ஓட்டைச் சாக்கில் சரக்கு அளப்பதுதான். தூத்துக்குடி, ராமநாதபுரம் பக்கத்துக் கடற்காற்றில் நின்ற வண்டிகளை லிப்டில் ஏற்றி அடியில் பார்க்காமல் எந்த முடிவுக்கும் வரக்கூடாது. நம்மில் சிலர் காரின் பின்பக்கத்தில் உப்பு மூட்டையும் கருவாடும் வெல்லமும் ஏற்றியவர்கள். மிதியடியைத் தூக்கிப் பார்த்தால் கதை தெரியும்.

உதிரி பாகம் கிடைக்குமா என்பது அடுத்தது. மாருதி 800 உற்பத்தி 2014 ஜனவரியில் நின்றது. அம்பாசடர் அதே ஆண்டு மே மாதத்தில் நின்றது. ஆனாலும் நாடெங்கும் ஓடிய வண்டிகள் என்பதால் சாமான் கிடைக்கிறது, வேலை தெரிந்த கைகளும் இருக்கின்றன. சென்னை புதுப்பேட்டையில் தேடினால் கிடைக்காத பாகம் குறைவு. குறைவாக விற்ற மாடல்களும், நம் நாட்டில் விற்பனையை நிறுத்திக்கொண்ட கம்பெனிகளின் வண்டிகளும் வேறு கணக்கு. செவ்ரோலே 2017 முடிவோடு இங்கே விற்பனையை நிறுத்தியது. போர்டு 2021-ல் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. வண்டி நல்ல வண்டியாகவே இருக்கலாம். ஒரு சென்சாருக்கு மூன்று வாரம் காத்திருக்க நம் வியாபாரம் இடம் கொடுக்குமா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இப்போது வந்துள்ள இ20 பெட்ரோலையும் யோசிக்க வேண்டியிருக்கிறது. எத்தனாலுக்குப் பெட்ரோலைவிட எரிசக்தி சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஆகவே மைலேஜ் சிறிது குறையத்தான் செய்யும். 2023 ஏப்ரலுக்கு முந்திய வண்டிகள் பெரும்பாலும் இதற்கென்று செய்யப்பட்டவை அல்ல. மிகப் பழைய, அதிலும் கார்புரேட்டர் வண்டிகளில் ரப்பர் குழாய், வாஷர், டயப்ரம் முதலியவை சீக்கிரம் கெடலாம். இதற்காகக் காரை விற்க வேண்டியதில்லை. பெட்ரோல் குழாய்களைப் புதிதாக மாற்றிவிட்டால் பெரும்பகுதி தீர்ந்தது. பெட்ரோல் வாடை வந்தால் மட்டும் அன்றைக்கே பார்த்துவிட வேண்டும்.

சரிசெய்வது என்று முடிவானால் எதில் பணம் போடுவது? பிரேக், ஸ்டீயரிங், டயர், ரேடியேட்டர், ஹெட்லைட் ஆகியவை முதலில். டைமிங் பெல்ட் உள்ள இன்ஜின் என்றால் கம்பெனி சொன்ன கி.மீ. வந்ததும் கேள்வி கேட்காமல் மாற்ற வேண்டும். அது அறுந்தால் பல இன்ஜின்களில் வால்வ் பிஸ்டனில் இடித்து, சில ஆயிரம் ரூபாய் வேலை பல பத்தாயிரமாகிவிடும். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் அச்சிட்டிருப்பார்கள். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரம் தயாரானது. பூ தேயவில்லை என்று எட்டு, பத்து வருஷ டயரில் நெடுஞ்சாலையில் போகக் கூடாது. அலாய் வீல், பாட்டுப் பெட்டி, புது சீட் கவர் எல்லாம் மன மகிழ்ச்சிக்கு. விற்கும்போது ஒரு ரூபாயும் திரும்பி வராது.

வேறு இன்ஜின் வைப்பது அந்த நாளில் சகஜமாக இருந்தது. பெட்ரோல் அம்பாசடரில் மட்டடார் டீசல் இன்ஜின் ஏற்றி ஓட்டியவர்கள் எத்தனையோ பேர். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி ஆர்.சி. விவரத்துக்கு மாறான மாற்றங்களை நம் இஷ்டத்துக்குச் செய்ய முடியாது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை அழுத்திச் சொன்னது. எப்.சி.யிலும் இன்சூரன்சிலும் இது சிக்கலாகும். அந்த யோசனையை விட்டுவிடுவதே நல்லது.

எவ்வளவு செலவு செய்தாலும் பழைய காரில் ஏற்ற முடியாதது ஒன்றிருக்கிறது. ஏ.பி.எஸ். பிரேக் 2019 ஏப்ரலிலும், ஓட்டுநருக்கு ஏர்பேக் 2019 ஜூலையிலும் எல்லாப் புதுக் கார்களுக்கும் கட்டாயமாயின. பின்னர் முன்சீட்டில் இரண்டு பேருக்குமே ஏர்பேக் கட்டாயமாயிற்று. இவை பட்டறையில் மாட்டித் தரும் சாமான்கள் அல்ல. ராத்திரி பத்து மணிக்கு மதுரையிலிருந்து நாலுவழிச் சாலையில் வசூல் முடித்துத் திரும்புகிறவர், மேலே நாம் போட்ட 87,000 வித்தியாசத்தில் இதற்கு எவ்வளவு விலை வைப்பது என்று வீட்டாரையும் கலந்துகொள்ளட்டும். எங்கள் மண்டியில் நெடுந்தூரம் போகும் வண்டியை மட்டும் முதலில் மாற்றுவது, ஊருக்குள் ஓடுவதைச் சரிசெய்து வைத்துக்கொள்வது என்று நடைமுறை வைத்திருப்பது இதனால்தான்.

காரில் மூட்டை ஏற்றுபவர்களுக்கு

சொந்தக் காரில் இரண்டு மூட்டை சர்க்கரை, நாலு டின் எண்ணெய் என்று ஏற்றிப் போவது நம்மிடையே வழக்கம். தனியார் கார் பாலிசியில் சாம்பிளும் சொந்தச் சாமானும் தவிர மற்றச் சரக்கு ஏற்றும் உபயோகம் விலக்கப்பட்டிருக்கிறது. விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் கேட்பது அதைத்தான். தினமும் சரக்கு ஏற்ற வேண்டியிருந்தால் காரைச் சரிசெய்வதா புதுப்பிப்பதா என்பது கேள்வியே அல்ல. வேண்டியது ஒரு லோடு வண்டி.

லோடு வண்டியில் இன்னொன்று. குட்டி யானைக்கு வருஷத்துக்கு இரண்டு தடவை பின் ஸ்பிரிங் பட்டை ஒடிகிறது என்றால் வண்டிக்கு வயதானது காரணமல்ல, அளவுக்கு மேல் ஏற்றுகிறோம். அதே அளவில் புது வண்டி எடுத்தாலும் அதே பட்டை ஒடியும். 2019 திருத்தத்திற்குப் பிறகு அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாயும், மிகையான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும். எட்டு வருஷம் வரை லோடு வண்டிக்கு எப்.சி. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, அதன்பின் வருஷா வருஷம். பிரேக் இன்ஸ்பெக்டரிடம் காட்டுவதற்கான பெயின்ட், டிங்கரிங் செலவோடு, வண்டி நிற்கிற நாட்களுக்கு வாடகை வண்டி வைக்கும் கூலியையும் பழைய வண்டியின் கணக்கில் எழுத வேண்டும்.

ஊருக்குள் கடை கடையாக நின்று போகும் வண்டிக்கு 2020 ஏப்ரலுக்குப் பிந்திய பி.எஸ். 6 டீசல் எடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி அதில் உண்டு. சேர்ந்த கரி எரிந்து தீர வண்டி சிறிது நேரம் தொடர்ந்து நல்ல வேகத்தில் ஓட வேண்டும். தெருவுக்குள்ளேயே உருண்டுகொண்டிருந்தால் அடைத்துக்கொண்டு விளக்கு எரியும். குறுந்தூர வேலைக்குப் பெட்ரோலோ கேஸ் வண்டியோ தொந்தரவு குறைவு.

வரியும் காகிதமும்

சொந்தக் காருக்கு முதல் பதிவு 15 வருஷம். அதன்பின் வண்டி நல்ல நிலையில் இருந்தால் 5 வருஷத்துக்குப் புதுப்பிக்கலாம். பதினைந்து வருஷமானால் தூக்கிப் போட வேண்டும் என்று நம் ஊரில் சிலர் சொல்வது, டில்லி வட்டாரத்துக்கென்று 2015-லும் 2018-லும் வந்த உத்தரவுகளைக் கேள்விப்பட்ட குழப்பம். ஆனால் புதுப்பிக்கும் கட்டணம் ஏறியிருக்கிறது. 600 ரூபாயாக இருந்தது 2022 ஏப்ரலிலிருந்து 5,000. இருபது வருஷம் தாண்டிய கார்களுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 என்று அறிவித்தார்கள். பசுமை வரி தனி.

புதுக் காருக்கோ, நம் மாநிலத்தில் 2023 நவம்பரில் சாலை வரி உயர்ந்து, 5 லட்சத்திலிருந்து 10 லட்சம் வரை விலையுள்ள கார்களுக்கு 13 சதவீதம் ஆயிற்று. நாலு வருஷம் ஓடிய நல்ல காரை வாங்குபவருக்கு இந்த ஆயுள் வரி ஏற்கெனவே கட்டியாயிற்று, முதல் விலை இறக்கமும் முந்திய சொந்தக்காரர் தலையில் போயிற்று. பழையதா புதியதா என்று இரண்டிலேயே நிற்காமல் இந்த மூன்றாவது வழியையும் பார்க்க வேண்டும். சர்வீஸ் புத்தகமும், ஆர்.சி.யில் கடன் அடமானம் நீங்கியிருப்பதும் பார்த்தால் போதும், மற்றதை மெக்கானிக் பார்த்துக்கொள்வார்.

2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கும் சரக்கு வண்டிகளுக்கும் ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. சிறிய கார் என்றால் 4 மீட்டர் நீளத்துக்குள், பெட்ரோல் 1,200 சி.சி., டீசல் 1,500 சி.சி. வரை. புதியதன் விலை இறங்கியதால் பழையதன் விலையும் கூடவே இறங்கத்தான் செய்யும். இரண்டு வருஷத்துக்கு முன் தரகர் சொன்ன விலையை மனதில் வைத்திருப்பவர்கள் மறுபடி விசாரிக்க வேண்டும்.

சரக்கு வண்டிக்குக் கட்டிய ஜி.எஸ்.டி.யை நாம் உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளலாம். சாதாரணக் காருக்கு, கடைப் பெயரில் வாங்கினாலும், எடுக்க முடியாது. வருமான வரியில் நம் கார், சொந்தச் சரக்கு வண்டி இரண்டுக்கும் தேய்மானம் 15 சதவீதம். வருஷத்தில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்பட்டால் முதல் வருஷம் அதில் பாதிதான். அக்டோபர் முதல் இரண்டு, மூன்று நாட்களுக்குள் வாங்கி ஓட்டத் தொடங்கினால் முழுதும் கிடைக்கும். நாம் ஆயுத பூஜைக்குத்தான் வண்டி எடுப்போம். சில வருஷம் பூஜை அக்டோபர் நடுவில் வந்து பாதியைக் குறைத்துவிடும். அது அடியோடு போய்விடுவதில்லை, பின் வருஷங்களில் கழியும். கணக்குப் புத்தகம் எழுதாமல் விற்பனையில் இத்தனை சதவீதம் லாபம் என்று காட்டும் சிறு வியாபாரிகளுக்குத் தனியாகத் தேய்மானம் கிடையாது. அவர்களிடம் "வரி மிச்சமாகும், வாங்குங்கள்" என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

ஜி.எஸ்.டி. பதிவுள்ள கடை தன் பழைய காரை விற்றால் 2025 ஜனவரியிலிருந்து 18 சதவீத வரி உண்டு. அது முழு விலைக்கு அல்ல. தேய்மானம் எழுதிய பிறகு புத்தகத்தில் நிற்கும் மதிப்புக்கு மேல் வந்த தொகைக்கு மட்டும். புத்தகத்தில் 60,000, விற்றது 90,000 என்றால் 30,000-க்கு 5,400 ரூபாய். விலை அதற்குக் கீழே என்றால் வரி இல்லை. உள்ளீட்டு வரி எடுத்த லோடு வண்டிக்கு விதி வேறு. ஆடிட்டரைக் கேட்டுவிட்டு விலை பேசுங்கள்.

இன்சூரன்சில், விபத்துக் கோராமல் சேர்த்த போனஸ் வண்டிக்கு உரியது அல்ல, நமக்கு உரியது. 50 சதவீதம் வரை சேர்ந்திருக்கலாம். பழைய காரை விற்றதும் சான்றுக் கடிதம் வாங்கிப் புதுக் காருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். இதைக் கேட்டு வாங்காமல் பல ஆயிரம் விடுகிறவர்கள் நிறையப் பேர்.

விற்கும்போது

ஷோரூமில் எக்ஸ்சேஞ்ச் பேசும்போது புது வண்டி விலையையும் பழைய வண்டி விலையையும் ஒரே பேச்சில் பேசக் கூடாது. பழையது இல்லை என்று வைத்துப் புதியதற்கு என்ன தள்ளுபடி என்று முதலில் எழுதி வாங்க வேண்டும். பிறகு வெளியில் இரண்டு இடத்தில் பழையதற்கு விலை கேட்க வேண்டும். ஒரு கையில் கொடுத்து மறு கையில் எடுக்கும் வித்தை நமக்குத் தெரியாததல்ல.

ஓட்ட லாயக்கில்லாத வண்டி என்றால் பதிவு பெற்ற வாகனச் சிதைப்பு மையத்தில் ஒப்படைத்துச் சான்றிதழ் வாங்கலாம். 2021-ல் வந்த திட்டப்படி அந்தச் சான்றிதழுக்குப் புது வண்டியின் பதிவுக் கட்டணம் தள்ளுபடி. சாலை வரியில் சொந்தக் காருக்கு 25 சதவீதம் வரையும், போக்குவரத்து வண்டிக்கு 15 சதவீதம் வரையும் சலுகைக்கு இடமுண்டு. நம் மாநிலத்தில் எவ்வளவு என்பதை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டு அறியலாம். தெருவில் வரும் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டுவிட்டு ஆர்.சி.யை அலமாரியில் வைத்திருப்பவர்கள், அந்தப் பதிவு இன்னும் தங்கள் பெயரில்தான் இருக்கிறது என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து பெயர் மாற்றத்தில்தான் இருக்கிறது. பழைய லோடு வண்டியைத் தெரிந்தவருக்கு விற்று, "மெதுவாகப் பெயர் மாற்றிக்கொள்" என்று சாவியைக் கொடுத்துவிடுவது நம் வழக்கம். அவர் இன்னொருவருக்கு விற்பார், இன்னொருவர் இன்சூரன்ஸ் கட்டாமல் ஓட்டுவார். 2018 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு ஒன்று இப்படித்தான் வந்தது. வண்டி பல கை மாறியிருந்தும், ஆர்.டி.ஓ. பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சட்டப்படி சொந்தக்காரர், விபத்து நஷ்டஈடு அவர் பொறுப்பு என்றார்கள். 40,000 ரூபாய்க்கு விற்ற வண்டிக்காகப் பல லட்சம் கட்டச் சொல்லிக் கோர்ட்டு நோட்டீஸ் வந்தால் கடையின் முதலே ஆட்டம் கண்டுவிடும்.

ஆகவே பணம் வாங்குமுன் படிவம் 29, 30 இரண்டிலும் தேவையான கையெழுத்து ஆகட்டும். விற்ற 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்கு நாமே தெரிவிக்க வேண்டும், தரகர் தெரிவிப்பார் என்று இருக்கக் கூடாது. இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். வாங்குபவரின் அடையாளச் சான்று நகல், வண்டி ஒப்படைத்த தேதியும் மணியும் எழுதிய ரசீது இரண்டையும் பில் புத்தகங்களோடு பத்திரப்படுத்துங்கள். விலையில் ஐயாயிரம், பத்தாயிரம் ரூபாயைப் பிடித்து வைத்து, புது ஆர்.சி.யின் நகலைக் காட்டிய பிறகு தருவதாகச் சொன்னால் பெயர் மாற்றம் தானாக நடக்கும். எங்கள் மண்டியில் கடைசியாக விற்ற மூன்று வண்டிகளுக்கும் அப்படித்தான் செய்தோம். ஒருவர் மட்டும் முகம் சுளித்தார். அவரும் இருபதாம் நாள் நகலோடு வந்துவிட்டார்.